சாப்பாடு நிலத்துக்காரர் பொறுப்பு

தை மாதம் எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதம். சம்பா அறுவடை எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். எல்லோருக்கும் நாளைக் காலையிலேயே மெஷின் வேண்டும். நான் அறுவடை மெஷின் தரகன். ஆத்தூர், தலைவாசல் பக்கமிருந்து வரும் மெஷின்களைத் திருவையாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் வயலுக்கு வயல் இறக்கிவிட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, அதில் என் கமிஷனை எடுத்துக்கொள்கிறவன். அந்த மாதத்தில் யார் போன் செய்தாலும் எடுத்ததுமே எரிந்து விழுவேன். மாமனாருக்கும் அதே மரியாதைதான்.

அப்படிப்பட்ட ஒரு பகலில் என் மகள் வாய்க்கால் கரையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தாள். பாதி வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போன் செய்யாமல் நேரில் வருகிறாளே, வீட்டில் யாருக்கு என்னவோ என்று பதறிப்போய் ஓடினேன்.

"அப்பா, மலேசியாவுல வேலைக்குக் கூப்பிடுறாங்க," என்றாள்.

"என்ன வேலை?"

"இப்பச் செய்யறதேதான். கமென்ட்ரி."

"அதுக்கு மலேசியா எதுக்கு? நம்ம வீட்டு மாடி போதாதா?" என்று சத்தம் போட்டுவிட்டு டிரைவரைத் திட்டப் போய்விட்டேன். அவன் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

அவள் வேலையைச் சொல்லிவிட வேண்டும். மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் அணி அணியாகச் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குப் போட்டி நடத்துகிறார்கள். பெரிய பரிசெல்லாம் உண்டு. அதை இன்டர்நெட்டில் உட்கார்ந்து பார்க்க ஒரு பெருங்கூட்டமே இருக்கிறது. கிரிக்கெட்டுக்கு ரேடியோவில் சொல்வார்களே, அதுபோல அந்தச் சண்டைக்குத் தமிழில் வர்ணனை சொல்வதுதான் என் மகளின் தொழில். வாரநாட்களில் தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கணக்கு வகுப்பு எடுப்பாள். சனி ஞாயிறு வந்தால் மாடியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

முதல்முறை அவள் அங்கிருந்து வர்ணனை சொன்ன மாலை நன்றாக நினைவிருக்கிறது. எதிரொலிக்கக் கூடாது என்று வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். திடீரென்று, "பின்னாடி! பின்னாடி ஒருத்தன் வர்றான்! ஐயோ, போச்சு, சுட்டுட்டான்!" என்று ஒரே அலறல். எதிர்வீட்டுக்காரர் கையில் மண்வெட்டியோடு எங்கள் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார். அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, அது விளையாட்டு என்று புரியவைப்பதற்குள் என் மனைவிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பொம்பளப் புள்ளைய ஏங்க இப்படிக் கத்தவிடுறீங்க?" என்று போகும்போது கேட்டார்.

"நீங்க மண்வெட்டியோட ஓடிவர்ற அளவுக்குக் கத்துறான்னா, நல்லாக் கத்துறான்னுதானே அர்த்தம்?" என்றேன். அவர் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன். உள்ளே வந்ததும் நானே அவளைத் திட்டினேன்.

"வெளையாடுறவனுக்குக் காசு குடுத்தாக்கூடப் புரியுது. அவன் வெளையாடுறதப் பாத்துக் கத்துறதுக்கு எவன் குடுப்பான்?"

"போன பொங்கலுக்குக் கபடி நடந்துச்சே, மைக்ல பேசுன மாமாவுக்கு நீங்க நூறு ரூபா குடுக்கலையா?"

கொடுத்தேன்தான்.

மைக் அவளுக்குப் புதிதில்லை. எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிப்பது சின்ன வயதிலிருந்து அவள்தான். பின்வரிசையில் தூங்குகிற ஆளும் நிமிர்ந்து உட்காருவான், அப்படி வாசிப்பாள். அந்தக் குரலையும் எங்கள் ஊர்ப் பேச்சையும் கொண்டுபோய்த் துப்பாக்கிச் சண்டைக்குள் விட்டால் எப்படியிருக்கும்? ஒருவன் சுவரோரம் பதுங்கிப் பதுங்கிப் போனால், "நாத்தங்கால்ல நண்டு போற மாதிரி போறான் பாருங்க," என்பாள். ஒரு அணி மொத்தமாகப் பாய்ந்தால், "மடையத் தொறந்துவிட்டுட்டாங்க!" என்பாள். மலேசியாக்காரர்களுக்குப் பிடித்துப்போனதே அதுதானாம். நடவு, நாற்று என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகள்கூட அதைக் கேட்டுச் சிரிக்கின்றன என்று அந்தக் கம்பெனியம்மா போனில் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீங்க கணக்குப் போட்டுப் பாருங்கப்பா. லாபம்னா போறேன். நட்டம்னா போகல. அதுக்கப்புறம் அதப்பத்திப் பேசவும் மாட்டேன்."

"நீயே கணக்கு வாத்தியார்தானே. நீ போட்டுக்க வேண்டியதுதானே?"

"நான் போட்டா எனக்குச் சாதகமாப் போட்டுக்குவேன். நீங்க போட மாட்டீங்க."

அவள் இப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மெஷின் ஓடிய நேரத்தை அதிலுள்ள மீட்டர் காட்டும். வயலில் இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை நான் கிட்டே போய்ப் பார்த்துவிடுவேன். ஒருமுறை, டீ குடிக்கப் போன நேரத்திலும் இன்ஜினை நிறுத்தாமல் ஓடவிட்டான் ஒரு டிரைவர். பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்காகப் பெரிய சண்டை போட்டு, மெஷினைப் பாதி வயலோடு ஏறச் சொல்லிவிட்டேன். மெஷின்காரரும் சரி, நிலத்துக்காரரும் சரி, என் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க மாட்டார்கள். எனக்கிருக்கிற சொத்து அது ஒன்றுதான். நிலமென்று ஒரு குழிகூடக் கிடையாது. என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர். நான் அடுத்தவர் வயலில் மெஷின் விட்டு அறுக்கிறேன்.

உள்ளதைச் சொல்கிறேன். அவள் அந்த நிபந்தனையைப் போட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். வெளிநாட்டு வேலை, அதுவும் விளையாட்டைப் பார்த்துக் கத்துகிற வேலை, கணக்குப் போட்டால் எப்படி லாபம் வரும்? நட்டம் என்று வந்துவிடும், பிள்ளை வீட்டோடு இருப்பாள் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரே பிள்ளை.

ஆனால் ஊரெல்லாம் எனக்கு முன்னால் கணக்குப் போட்டுவிட்டது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்று சொன்னாலே எல்லோருக்கும் பெருக்கல் மட்டும்தான் தெரியும். அந்த ஊர்க் காசை நம் ரூபாயால் பெருக்கி, அதைப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கி, வாயைப் பிளப்பார்கள். சிங்கப்பூரில் வெகுகாலம் இருந்து திரும்பிய என் மச்சான் வந்து உட்கார்ந்து அதே பெருக்கலைப் போட்டான்.

"கண்ண மூடிக்கிட்டு அனுப்புங்க மாமா. ரெண்டு வருசத்துல மாடிய இடிச்சுட்டுப் புதுசாக் கட்டலாம்."

"நீ எத்தனை வருசம் இருந்த?"

"எட்டு."

"உங்க வீட்டு மாடி எங்க?"

அதோடு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் தம்பியை நான் எப்போதும் இப்படித்தான் மட்டம் தட்டுகிறேனாம். மூன்றாம் நாள் அவளாகவே வந்து, வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

"போகணும்னு வேண்டிக்கிட்டியா, போகக் கூடாதுன்னா?"

"எது நல்லதோ அத நடத்திக் குடும்மான்னு வேண்டிக்கிட்டேன்."

"மாதாவுக்கே கணக்குப் போடுற வேலையக் குடுத்துட்டியா நீ?" என்றேன். சிரித்துவிட்டாள். பேச்சு வார்த்தை சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வாசலில் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நான் எந்தப் புது மெஷின்காரரிடமும் கேட்கிற கேள்விகளையே மகளிடமும் கேட்டேன். வேறு மாதிரி கேட்க எனக்குத் தெரியாது.

"வாடகை மணிக்கா, நாளுக்கா?"

"மாசச் சம்பளம் கொஞ்சம் உண்டு. போட்டி நடக்குற நாளுக்குத் தனியாக் காசு."

"மழை நாளுக்கு?"

புரிந்துகொண்டாள். "போட்டி இல்லாட்டியும் மாசச் சம்பளம் வந்துரும். ஆனா அத மட்டும் வெச்சுப் பெருசா ஒண்ணும் மிஞ்சாது."

"எத்தனை போகம்?"

"பெரிய போட்டி வருசத்துக்கு மூணு. நடுவுல சின்னதாச் சிலது."

"முப்போகமா? நம்ம ஊர்லயே இப்ப அது கெடையாது. சரி, மேட்டூர் தொறக்காட்டி?"

இதற்குக் கொஞ்சம் யோசித்தாள். "அந்த வெளையாட்டையே நிறுத்திட்டா என்ன செய்வேன்னு கேக்குறீங்க. நிறுத்தலாம்ப்பா. அப்படி நடந்துருக்கு. நிறுத்துனா மூணு மாசச் சம்பளம் குடுத்து அனுப்பிருவாங்க. வேற வெளையாட்டு வந்தா அதக் கத்துக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கணும்."

"தேய்மானம்?"

"என்னது?"

"மெஷின் பழசாகும்ல? இந்த வேலைல எத்தனை வருசம் ஓட முடியும்?"

"தெரியல. என்னவிடச் சின்னப் புள்ளைங்க வந்துக்கிட்டேதான் இருக்காங்க. தொண்டை போச்சுன்னா எல்லாம் போச்சு." இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

அவள் எதையும் பூசி மெழுகவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நட்டத்துக்கு அவளே வழி காட்டுகிறாள் என்றும் தோன்றியது. விமான டிக்கெட்டும் விசாவும் கம்பெனி கொடுக்கிறது. கம்ப்யூட்டர், மைக் அவர்களுடையது. முதல் வருடம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வரி கூடப் பிடிப்பார்கள், அதைக் கழித்தேன். இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு வீட்டில் தங்க வேண்டும், அந்த வாடகையைக் கழித்தேன். பஸ், ரயில், போன் கழித்தேன். இங்கே கணக்கு வகுப்பிலும் மாடியறையிலும் அவள் சம்பாதித்துக்கொண்டிருந்ததைக் கழித்தேன். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வந்துபோகிற செலவை அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை, கழித்தேன். அவ்வளவு கழித்த பிறகும் கையில் கொஞ்சம் நின்றது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேலிருந்து இன்னொரு தடவை போட்டேன். எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

"லாபந்தான்," என்றேன். "பெருசா இல்ல. வெதநெல்லு வாங்குற காசு தேறும்."

மகள் எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, கறி எடுத்து வாருங்கள் என்று என்னைக் கடைக்கு அனுப்பினாள். நான் சைக்கிளில் போகும்போது என் கணக்கை நானே வைதுகொண்டே போனேன்.

அடுத்த வாரம் கடைசி வயல்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு பெரியவரின் நிலத்தில் மெஷின் விட்டிருந்தேன். மதியம் இன்ஜினை நிறுத்தியதும் அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. டிரைவரும் கூடவந்த ஆளும் போர் செட்டில் கைகழுவிவிட்டு, புங்கமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள். பெரியவர் நின்று பார்த்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க தம்பி," என்றார்.

எங்கள் தொழிலில் இது வழக்கம். மெஷின் அன்று யார் வயலில் இறங்குகிறதோ, டிரைவரின் சாப்பாடு அந்த நிலத்துக்காரர் பொறுப்பு. அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, வாடகையில் சேர்ப்பதுமில்லை. என் அப்பா காலத்திலும் அறுப்புக்குப் போன இடத்தில் சோறு உண்டு. பாத்திரம் மட்டும் நம் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும், கொல்லைப்பக்கம் உட்கார வேண்டும். இப்போது இலை போடுகிறார்கள். எது எப்படியானாலும் வேலைக்குப் போன இடத்தில் சாப்பாட்டுக்குக் காசு என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதே இல்லை.

டிரைவர் குழம்பைப் பிசைந்து முதல் வாய் வைக்கும்போது எனக்கு உறைத்தது. மகள் கணக்கில் நான் சாப்பாட்டைச் சேர்க்கவே இல்லை.

மலேசியாவில் அவளுக்கு எந்த நிலத்துக்காரர் இலை போடுவார்? காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். அதையும் கழித்தால் என்ன வரும்? அந்த வரப்பிலேயே நின்று மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். வெதநெல்லுக் காசு போயிற்று. அதற்குக் கீழேயும் போயிற்று. நல்ல நட்டம்.

எனக்கு ஒரே சந்தோஷம். நான் தேடிய ஓட்டை அகப்பட்டுவிட்டது. அதுவும் நியாயமான ஓட்டை. வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தால் போதும், பிள்ளை போக மாட்டாள். கணக்குப் பார்க்கச் சாயங்காலம் வருகிறேன் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தேன்.

அன்று சனிக்கிழமை. வீட்டில் மகள் மாடியறையில் இருந்தாள். ஏதோ கல்லூரிகளுக்குள் நடக்கிற போட்டி. கதவு சாத்தியிருந்ததால் மாடிப்படியில் உட்கார்ந்தேன். முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அத்தனை நாளில் அவள் பேசுவதை நான் முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை. கீழே இருந்து கேட்கும்போது கத்தல் மட்டும்தான் கேட்கும்.

ஒரு அணியில் நான்கு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள் போலிருக்கிறது. ஒரு பையன் மட்டும் மிச்சம். எதிரே முழு அணி. அவள் கத்தவில்லை. குரலை இறக்கிவிட்டாள். "தனியா நிக்கிறான். யாரும் இல்ல. ஆனா அவசரப்படல பாருங்க. மூச்சு வாங்குறான்... பாக்குறான்... இப்பப் போ," என்று அந்தப் பையனின் காதுக்குள் பேசுவதுபோலச் சொன்னாள். எனக்கு அந்த விளையாட்டில் ஒரு எழவும் தெரியாது. ஆனால் அவன் பிழைக்க வேண்டுமே என்று படிக்கட்டில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவன் இரண்டு பேரை வீழ்த்திவிட்டுச் செத்தான். அவள் அதே தணிந்த குரலில், "நல்லா ஆடுனடா தம்பி," என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை இவ்வளவு கெட்டிக்காரி என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதில் கொஞ்சம் ஆத்திரமும் வந்தது. சொன்னால் நின்றுவிடுவாள். சொன்ன சொல் மாற மாட்டாள், அந்த விஷயத்தில் என்னைப்போல. அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் இதே போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். எனக்கும் வேண்டியது அதுதான்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். படியில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னப்பா, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட வந்தேன்," என்றேன்.

அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்காக மெஷினை வயலைவிட்டு ஏற்றிய ஆள், ஒரு வருடத்துச் சாப்பாட்டை வாய்க்குள் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து அவள் கிளம்பும்வரை நான் நானாக இல்லை. டீக்கடையில் சண்டை, டிரைவரோடு சண்டை, மச்சானோடு போனில் சண்டை.

"அறுப்புதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

அவளிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் அது மகளுக்குப் போய்விடும்.

பெட்டி கட்டும்போது மனைவி மிளகாய்ப்பொடி, புளி, நார்த்தங்காய் ஊறுகாய், வத்தல் என்று அடுக்கிக்கொண்டே போனாள். கடைசியாக ஒரு பை பொன்னி அரிசியைக் கொண்டுவந்து நுழைத்தாள். நான் அதை வெளியே எடுத்தேன்.

"மலேசியாவுல அரிசி இல்லையா? எடை கூடுனா விமானத்துக்காரன் தீட்டிருவான்."

"இருக்கட்டும்ப்பா," என்றாள் மகள். "கொஞ்ச நாளைக்குச் சாப்பாட்டுச் செலவு மிஞ்சும்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தைப் பார்த்தேன். அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அரிசிப் பையை மறுபடி நானே பெட்டிக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

திருச்சி விமான நிலையத்தில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. மனைவி அழுதாள், மச்சான் போட்டோ எடுத்தான், நான் டிராலி சரியாக ஓடவில்லை என்று யாரையோ திட்டினேன். மகள் உள்ளே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையாட்டினாள். திரும்பி வருகிற வழியில் கல்லணைப் பக்கம் வண்டியை நிறுத்தி டீ சாப்பிட்டோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மூன்று டீ சொல்ல வேண்டியதற்குப் பதிலாக நான் நான்கு டீ சொல்லிவிட்டேன். கூடுதலாக வந்ததையும் மச்சானே குடித்தான்.

இப்போது நாலைந்து பேர் என்னிடம் வந்து கேட்டுவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்த வர்ணனை வேலைக்கு வெளிநாடு போகலாமா என்று யோசிக்கிறார்களாம். கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்கள். முதல் வருடம் கட்டுப்படியாகாது, பெருக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள், சாப்பாட்டைச் சேர்த்துக் கழித்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். அதற்குமேல் போட்டி கூடினால், பெயர் எடுத்தால், ஒருவேளை நிமிரலாம். அந்த ஒருவேளையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

"அப்புறம் ஏன் ஒங்க பொண்ண அனுப்புனீங்க?" என்று ஒருவர் கேட்டார். அவரையும் திட்டித்தான் அனுப்பினேன்.

சித்திரையில் மெஷின்களெல்லாம் ஊர் திரும்பிவிடும். எனக்கு வேலை இருக்காது. ஒரு மதியம் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன். மகள் போன் செய்தாள். அங்கே பெரிய போட்டி முடிந்து, அன்று அவளுக்கு விடுமுறை. மேடை எவ்வளவு பெரிது, கூட்டம் எப்படி, நாத்தங்கால் நண்டைச் சொன்னதும் எப்படிக் கைதட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். கேட்டு முடித்துவிட்டு, எந்த அப்பனும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"சாப்பிட்டியாம்மா?"

"அது கணக்குலயே இல்லையேப்பா," என்றாள்.

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நீங்க லாபம்னு சொன்ன அன்னைக்கே. கறி வாங்கப் போனீங்கள்ல, அப்பவே மனசுல போட்டுப் பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? எனக்குப் போகணும்." சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள், அந்தத் தனியாக நின்ற பையனுக்காக இறக்கினாளே, அதுபோல. "தெனமும் பயந்துக்கிட்டே இருந்தேன்ப்பா, நீங்க கண்டுபிடிச்சுருவீங்கன்னு. ஒரு நா மாடிப்படில வந்து உக்காந்துருந்தீங்கள்ல? ஒங்க மூஞ்சியப் பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான், போச்சுன்னு நெனச்சேன். நீங்க சாப்பிட வந்தேன்னு சொன்னீங்க."

அந்த மாதிரி நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"நான் ஒண்ணும் தப்பாக் கணக்குப் போடல," என்று அதட்டினேன். "எங்க தொழில்ல சாப்பாடு யாரு பொறுப்பு?"

"நிலத்துக்காரர் பொறுப்பு."

"அப்புறம் என்ன? ஒண்ணாந்தேதியானா நான் அனுப்பிவிடுறேன். நீ வயித்தக் கட்டிக்கிட்டுக் கெடக்காத."

"நமக்கு ஏதுப்பா நிலம்?"

"நீ எந்த எடத்துல நின்னு பேசுறியோ, அது நம்ம வயலு. நான்தான் நிலத்துக்காரன். போதுமா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. உள்ளேயிருந்து மனைவி, யார் போனில் என்று கேட்டாள். இரு என்று கையைக் காட்டினேன்.

"மீன் கொழம்பு சாப்பிட்டேன்ப்பா," என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "காரம் பத்தல."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா," என்றேன்.